ஆட்டமில்லாத மாதம்

ஜூலையில் ஆட்டம் கிடையாது.
ஜூலையில்தான் நாங்கள் அதிகம் ஆடுவோம்,
ஹாமண்ட் நகரத்து டயாலிசிஸ் அறையில்,
செவ்வாய், வியாழன், சனி,
காலை ஐந்தரைக்கு ஊசி ஏற்றியதும்.

முதல் நாற்காலி வெர்லின் ஓக்ஸ்.
எஃகு ஆலையில் முப்பத்தோரு வருடம்.
இரண்டாவது பெர்னடீன் பவ்லக், தபால் ஆபீஸ்.
மூன்றாவதில் லூதர் இருந்தார்.
எப்போதும் சின்னப் பையன்கள் கட்சி.
பழசு வேண்டாம், புதுசு வரட்டும்,
காத்திருப்போம் என்பார்.
ஏப்ரலில் இருந்து அந்த நாற்காலிக்கு
பிளாஸ்டிக் உறை.
நான்காவதில் நான். பள்ளிப் பேருந்து ஓட்டியவன்.

நேற்று ராத்திரி வந்த செய்தி:
டார்சி ஹாடிக்ஸை எடுத்துவிட்டார்கள்.
வயது முப்பத்தாறு.
இரண்டு வருடம். இருபத்திரண்டு மில்லியன்.

"இடது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசுது.
ஆடுகிற சத்தம் டி.வி.யிலேயே கேட்கும்"
என்றார் வெர்லின்.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்."
இது பெர்னடீன்.

"படுத்த யானை தடுப்பாட்டம் ஆடுமா?
குதிரை சுற்றிக்கொண்டு போய்
கூடையில் போட்டுவிட்டு வரும்.
யானை எழுந்திருக்கவே
அடுத்த சீசன் ஆகும்."

"கடைசி இரண்டு நிமிடம்
பந்து யார் கையில் இருக்கணும்,
அதைச் சொல்லு முதலில்."

மெஷின் கத்தியது. ஸெனாய்டா வந்தாள்.
"வெர்லின், நூற்று எழுபத்தெட்டு.
ஹாடிக்ஸ் பேச்சு போதும்."

சரி என்று டிராஃப்டுக்குப் போனோம்.
பத்தொன்பதாவதாக எடுத்த லாட்விய நாட்டுப் பையன்,
ஈவார்ட்ஸ் என்று ஏதோ பெயர்.
அவனுக்கும் பத்தொன்பதுதான்.
விரித்த கையின் நீளம் ஏழடி நான்கங்குலம்.
நின்றபடியே ஷூ லேஸ் கட்டுவான் போல.
ஒரே வீடியோவைப் பன்னிரண்டு தடவை பார்த்தோம்,
ஊசியில்லாத கையில் போனைப் பிடித்து.
அதில் எதிரே ஆடுகிறவர்கள் எல்லாம்
அவன் இடுப்புக்குக் கீழே.
"யார் அவங்க? ஞாயிற்றுக்கிழமை பள்ளியா?"
என்றாள் பெர்னடீன்.

"மூணு வருஷம் பொறுத்தால் தெரியும்"
என்றேன் நான்.
சொல்லியிருக்க வேண்டாம்.
கொஞ்ச நேரம் பம்ப் மட்டும் சுற்றியது.

எட்டு மணிக்கு ஸெனாய்டா
ஒரு படிவம் கொண்டுவந்து வைத்தாள்,
வெர்லின் மடியில், கம்பளிக்கு மேல்.
வயதான கொடையாளியின் சிறுநீரகம்
கிடைத்தால் சம்மதமா?
சீக்கிரம் வரும்.
நீண்ட நாள் உழைக்காமல் போகலாம்.

வெர்லின் இரண்டு தடவை படித்தார்.
"வயதான என்றால்?"
"அறுபது. கூடவும் இருக்கலாம்."
"எத்தனை வருஷம் ஓடும்?"
"யாராலும் சொல்ல முடியாது.
ஐந்து. சிலருக்கு ஒன்பது."

பெர்னடீன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"உடல் பரிசோதனையில் தேறினால்தானே
கையெழுத்து வாங்குவாங்க.
ஹாடிக்ஸுக்கும் அப்படித்தான்."

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு வெர்லின் சிரித்தார்,
ரத்தக்குழாய் ஆடுகிற அளவுக்கு,
ஸெனாய்டா தோளைப் பிடித்து
அழுத்துகிற அளவுக்கு.

வலது கையில் ஊசி.
இடது கையில் பேனாவை வாங்கினார்.
ஓக்ஸ் என்று எழுதப் போய்
ஒரு வட்டமும் இரண்டு கோடும் விழுந்தன.
செல்லும் என்றாள் ஸெனாய்டா.

படிவம் போன பிறகு
கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு
என் பக்கம் திரும்பினார்.

"இருபத்திரண்டு மில்லியன் அதிகம்தான்.
அதில் மாற்றமில்லை."

இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.
அந்த வீடியோவை மறுபடி போடச் சொன்னார்.